எலெக்ட்ரான் மழை – 9: உருகியும் ஓடாத கிண்ணம்

ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவனை அவருடைய தேய்மானச் சோதனை இயந்திரத்தின் முன்னால் நிறுத்திவிட்டுப் போன வாரம் விடைபெற்றோம். ஏழு நாளாக மனிதர் அங்கேயே நிற்கிறார். வாருங்கள், முதலில் அவரை விடுவிப்போம்.

இடம் நினைவிருக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர். ரைட்டிங்டன் மருத்துவமனை. அறுவை மருத்துவர் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டில் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துகொண்டிருந்தன. சுமார் 300 நோயாளிகள். புது இடுப்பு கிடைத்த மகிழ்ச்சியில் நடந்து வீட்டுக்குப் போனவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் வலியோடு திரும்பி வந்தார்கள். மாற்று வழி எதுவும் சார்ன்லியிடம் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு விற்பனையாளர் வந்து ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கிரேவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். நெசவாலைத் தறிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற சரக்கு. பாலிஎத்திலீன். நம் வீட்டுக் குடமும் வாளியும் இதே குடும்பம்தான். ஆனால் இதன் மூலக்கூறுச் சங்கிலி பல மடங்கு நீளமானது.

சார்ன்லி அதைக் கையில் வாங்கினார். கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினார். வீண் வேலை என்று சொல்லிவிட்டு நடந்தார். பிறகு கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டுவிட்டார்.

கிரேவன் அந்தத் துண்டைக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை.

ஏன்? என் ஊகத்தைச் சொல்கிறேன். சார்ன்லி நகத்தை நம்பினார். கிரேவன் இயந்திரத்தை நம்பினார். டெஃப்லான் அரைபட்டு மாவாவதை நாள்தோறும் கண்ணால் பார்த்தவர் அவர். எதுவாக இருந்தாலும் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியிருக்கும். பெரியவர் ஊரில் இல்லை. இயந்திரம் சும்மா கிடக்கிறது. மாட்டினார். ஓட்டினார். இரவும் பகலும்.

மூன்று வாரம்.

அளந்து பார்த்தார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட இந்தத் துண்டு மூன்று வாரத்தில் தேயவில்லை.

சார்ன்லி திரும்பி வந்தார். பார்த்தார். தான் ஒதுக்கித் தள்ளிய பொருளை அதே ஆண்டு நவம்பரில் நோயாளியின் இடுப்புக்குள் வைத்தார். தன் வாக்கைத் தானே மாற்றிக்கொள்ள அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. அதற்காகவே எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

அதோடு விட்டாரா? இல்லை. டெஃப்லான் தூளையும் புதுப் பிளாஸ்டிக் தூளையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்! ஒன்பது மாதம் காத்திருந்தார். டெஃப்லான் வைத்த இடத்தில் கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. பாலிஎத்திலீன் வைத்த இடத்தில் சொல்லும்படியாக ஒன்றுமே இல்லை. உடம்பு இதை ஏற்றுக்கொள்கிறது என்று முடிவு செய்தார். உலகமும் அவர் பின்னால் போனது. லட்சக்கணக்கான இடுப்புகள். எழுந்து நடந்தவர்களின் கண்ணீரும் நன்றியும் சேர்ந்து அவரை 'சர்' ஆக்கின.

ஒன்பது மாதம் போதவில்லை.

இது தெரிய நாம் கடல் கடந்து பாஸ்டனுக்குப் போக வேண்டும்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. வில்லியம் ஹாரிஸ் என்ற எலும்பு மருத்துவர் ஓர் எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். செயற்கை மூட்டு வைத்த ஒருவருடைய தொடை எலும்பு. உலோகத் தண்டு பளிச்சென்று தெரிகிறது. அதைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. கரையான் அரித்த உத்தரம் பார்த்திருப்பீர்கள். வெளியே மெல்லிய தோல் மாதிரி ஒரு சுவர். உள்ளே ஒன்றுமில்லை.

புற்றுநோய் என்றுதான் முதலில் பயந்தார்கள். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். புற்று இல்லை. கிருமித் தொற்றும் இல்லை. விழுங்கு செல்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக நின்றன. அந்நியப் பொருள் எது வந்தாலும் விழுங்கிச் செரிக்க ஓடிவரும் நம் உடம்பின் காவலர்கள். இங்கே எதை விழுங்க வந்தார்கள்?

1976-இல் இப்படி நான்கு நோயாளிகளைப் பற்றி ஹாரிஸ் எழுதினார். பிறகு நான்கு நாற்பதானது. அப்புறம் எண்ணிக்கை கையை மீறிப் போனது. மூட்டு நன்றாக இருக்கும், வலியும் இருக்காது, உள்ளே எலும்பு மட்டும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். ஒருநாள் மாடிப்படி இறங்கும்போது முறியும்.

ஹாரிஸின் நிலையை யோசித்துப் பாருங்கள். நோயாளிக்கு நல்லது என்று நம்பித் தானே நாள்தோறும் செய்யும் அறுவை சிகிச்சை. அதிலிருந்தே ஒரு நோய் பிறக்கிறது. மருத்துவம் உண்டாக்கிய நோய். அவரால் அதை விட முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் அதன் பின்னாலேயே அலைந்தார்.

முதலில் பழி எலும்பு சிமென்ட்டின் மேல் விழுந்தது. மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் சிமென்ட் உடைந்து தூளாகிறது, அந்தத் தூள்தான் காரணம் என்றார்கள். 'சிமென்ட் நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சரி, சிமென்ட் இல்லாத மூட்டு செய்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று மூச்சுவிட்டார்கள்.

சிமென்ட் இல்லாத இடத்திலும் எலும்பு கரைந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சந்தேக நபர். சார்ன்லியின் வெள்ளைக் கிண்ணம்.

ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தக் கிண்ணத்திலிருந்து லட்சக்கணக்கான துகள்கள் உதிர்கின்றன. பல துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விழுங்கு செல் அதை விழுங்குகிறது. செரிக்க முடியவில்லை. உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாடு எலும்பைத் தின்னும் செல்களின் காதில் விழுகிறது. அவை வந்து, இருக்கிற எலும்பைத் தின்னத் தொடங்குகின்றன. உடம்பே தன் எலும்பைத் தின்கிறது. தொடைக்குள் ஒருமுறை வைத்த தூள் ஒன்பது மாதத்தில் இதைக் காட்டாது. பல ஆண்டு, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அடி, ஓயாத உதிர்வு. அதுதான் காட்டும்.

ஆனால் ஒரு முரண் இருந்தது. ஆய்வகத்தில் பல இயந்திரங்கள் இதே பிளாஸ்டிக்கை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பார்த்தன. தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. அப்படியானால் மனித உடம்பில் மட்டும் ஏன் இப்படித் தேய்கிறது?

ஹாரிஸின் ஆய்வகத்தில் சார்லஸ் பிராக்டன் என்பவர் இடுப்பைப் போலவே அசையும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடக்கும்போது இடுப்புப் பந்தின் ஒரு புள்ளி நேர்கோட்டில் போய்வருவதில்லை. சிக்குக் கோலம் போல வளைகிறது. தன் தடத்தைத் தானே குறுக்கே வெட்டுகிறது. இயந்திரத்தையும் அப்படி அசைய வைத்தார்கள். அவ்வளவுதான். மனித உடம்பில் உதிர்வது போலவே இங்கேயும் துகள் உதிர்ந்தது!

காரணம் வாழைநாரில் இருக்கிறது. நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. குறுக்கே விரியுங்கள், இழை இழையாகப் பிரிந்துவிடும். பாலிஎத்திலீன் சங்கிலிகள் இயல்பாகக் கிடக்கும்போது இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடப்பவை. ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே இருந்தால் மேற்பரப்பில் இருப்பவை அந்தத் திசைக்கு வரிசை கட்டி நிற்கும். அந்தத் திசையில் இன்னும் உறுதியாகும். அடுத்த கணம் குறுக்கே ஓர் உரசல் வந்தால்? நார் பிரியும். துகள் உதிரும்.

ஆகவே கேள்வி சுருங்கிவிட்டது. சங்கிலிகள் வரிசை கட்டாமல் தடுப்பது எப்படி?

பாஸ்டனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் எம்.ஐ.டி. இருக்கிறது. அங்கே எட்வர்ட் மெரில் என்ற வேதிப்பொறியியல் பேராசிரியர். கதிர்வீச்சால் பாலிமர்களைப் பின்னுவதில் பழுத்த கை. ஹாரிஸ் அவரிடம் போனார். மெரிலின் பதில் நம் தொடரைப் படிப்பவர்கள் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். முடிச்சுப் போடுங்கள். மீன்வலையில் போடுவது போல, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே முடிச்சு.

அந்த முடிச்சைப் போடும் ஊசி எது என்றும் உங்களுக்குத் தெரியும். ஹார்வெல் அணு உலைக்குள் வைத்து ஆய்வாளர் சார்ல்ஸ்பி பாலிஎத்திலீனில் முடிச்சுப் போட்டதையும், ஷெனெக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆட்கள் எலெக்ட்ரான் கற்றையால் அதையே சாதித்ததையும் சில வாரங்களுக்கு முன் பார்த்தோம். மின்கம்பி உறைக்குப் பயன்பட்ட வித்தை. இப்போது மனித இடுப்புக்கு வருகிறது.

இந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். கிண்ணம் கடைய எடுத்த பிளாஸ்டிக் கட்டை கற்றைக்குக் கீழே கழிக்கும் சில நொடிகளை நிதானமாகப் பார்க்காமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைப் பாலிஎத்திலீன் கட்டை. மேலே இருந்து எலெக்ட்ரான்கள். ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் பாயும் எலெக்ட்ரான்கள் மழையாகக் கொட்டுகின்றன. ஒரு துளி சங்கிலியின் பக்கமாகப் பாய்கிறது. கார்பனோடு ஒட்டியிருந்த ஒரு ஹைட்ரஜன் அணு பிய்ந்து பறக்கிறது. அந்தக் கார்பனுக்கு ஒரு கை காலியாகிவிட்டது. எதையாவது பிடித்தே ஆகவேண்டிய கை. வேதியியல்காரர்கள் இதை ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள். பக்கத்துச் சங்கிலியிலும் ஒரு காலிக் கை. இரண்டும் கோத்துக்கொள்கின்றன.

ஒரு முடிச்சு விழுந்தது.

பிய்ந்து போன ஹைட்ரஜன்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து வாயுவாக மெல்ல வெளியேறுகின்றன. கட்டை சூடேறுகிறது. கொடுத்த கதிர்வீச்சின் அளவு சுமார் 1 லட்சம் கிரே. ஒரு மனிதனைக் கொல்ல 5 கிரே போதும். காமா கதிரில் பல மணி நேரம் வைத்தால் சேரும் அளவு இது. எலெக்ட்ரான் கற்றை சில நொடிகளில் கொட்டிவிடுகிறது. அந்த வேகத்தால்தான் சூடு வெளியே போக நேரமில்லாமல் கட்டையிலேயே தங்குகிறது. வெப்பநிலை சுமார் 50 டிகிரி ஏறிவிடுகிறது. இவ்வளவு வாங்கிய பின்னும் கட்டையில் கதிரியக்கம் ஒட்டுவதில்லை. கையில் எடுத்துக்கொண்டு வரலாம்.

வெளியே வந்த கட்டையைப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. உள்ளே அது வேறு பொருள். தனித்தனியாகக் கிடந்த சங்கிலிகள் ஒரே வலையாகிவிட்டன. கொதிக்கும் கரைப்பானில் போட்டாலும் கரையாது; ஊதிப் பெருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சார்ன்லியைக் கைவிட்ட டெஃப்லானை இதே கற்றையின் கீழ் வைத்தால் என்ன ஆகும்? நேர் எதிர். முடிச்சு விழாது. சங்கிலியே துண்டு துண்டாக வெட்டுப்படும். கட்டை நொறுங்கும். டெஃப்லானை நுண்தூளாக்க இந்தக் கற்றையையே தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிறார்கள். ஒரே மழை, ஒரு நிலத்தில் வேர் பிடிக்கிறது, இன்னொன்றில் மண் அரிக்கிறது. சங்கிலியின் கட்டமைப்புதான் தீர்மானிக்கிறது.

சரி, முடிச்சு விழுந்துவிட்டது. வேலை முடிந்ததா?

இல்லை. ஆபத்து இனிமேல்தான்.

ஹாரிஸின் ஆட்களுக்கு ஒரு பழைய புண் உறுத்திக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாகவே இந்தக் கிண்ணங்கள் கிருமி நீக்கத்துக்காகக் காமா கதிரில் காட்டப்பட்டு வந்தன. அளவு நம் கட்டைக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு. உறைக்குள் காற்று இருக்கும். அப்படிக் கதிர்பட்ட கிண்ணங்கள், இடுப்புக்குள் போகாமல் அலமாரியில் உறையோடு இருந்தாலே, சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கின. குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளையாக ஒரு பட்டை. அப்பளம் போல உடையும் பட்டை.

யார் குற்றவாளி? ஜோடி கிடைக்காத அந்தக் காலிக் கைகள்தான்.

பாலிஎத்திலீனில் ஏறக்குறையப் பாதி படிகம். அங்கே சங்கிலிகள் ராணுவ வரிசையில் இறுக்கமாக நிற்கின்றன. மீதிப் பாதி இடியாப்பம். இடியாப்பப் பகுதியில் காலிக் கைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துவிடும். படிகத்துக்குள் சிக்கியவை? நகர முடியாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீட்டிய கை நீட்டியபடி காத்திருக்கும். மெல்ல மெல்லக் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் கசிந்து வரும். காலிக் கை அதைப் பிடிக்கும். அதிலிருந்து ஒரு தொடர்வினை. சங்கிலி அறும். மறுபடியும் அறும்.

முடிச்சுப் போட்ட அதே கதிர், காலப்போக்கில் கத்தியாகிவிடுகிறது. நாலில் ஒரு பங்குக்கே அப்படியென்றால், முழு அளவும் வாங்கிய இந்தக் கட்டையை எந்த நம்பிக்கையில் மனித உடம்புக்குள் வைப்பது?

குழுவில் ஓர்ஹுன் முராட்டோக்லு என்ற இளைஞர் இருந்தார். எம்.ஐ.டி.யில் பாலிமர் படித்தவர். மெரில், ஹாரிஸ், அவர், இன்னும் சிலர். அவர்கள் எடுத்த முடிவு கேட்க எளிமையானது. சிறைக்கதவைத் திறந்துவிடுவோம். படிகத்தையே உருக்குவோம்.

உருக்குவதா? கேட்ட உடனே பயம் வருகிறது அல்லவா? பிளாஸ்டிக்கை உருக்கினால் வழிந்துவிடாதா? கிண்ணமே போய்விடாதா?

அடுப்பு. சுமார் 150 டிகிரி. உள்ளே கட்டை.

முதலில் ஒன்றும் நடக்காது. வெள்ளையாகவே இருக்கும். வெப்பம் ஏறி, படிகங்கள் உருகும் எல்லையைத் தாண்டுகிறது. அந்த வெள்ளை நிறம் மெல்ல விலகத் தொடங்குகிறது. வெளிச்சத்தைச் சிதறடித்து வெண்மை காட்டியவை படிகங்கள்தான். அவை கலைய, வெளிச்சம் உள்ளே நுழைகிறது. கட்டை கண்ணாடி போலத் தெளிகிறது.

ஆனால் வழியவில்லை.

விளிம்பு விளிம்பாகவே நிற்கிறது. உருகிய பிறகும் வடிவம் அசையவில்லை. சங்கிலியின் நீளம் ஒரு காரணம். எலெக்ட்ரான் போட்ட முடிச்சுகள் இன்னொரு காரணம். வலை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே படிகச் சிறை திறந்துவிட்டது. பூட்டிக் கிடந்த காலிக் கைகள் முதன்முறையாக நகர்கின்றன. தேடுகின்றன. ஜோடி சேர்கின்றன. அடுப்பை அணைத்து ஆற விட்டால் கட்டை மறுபடி வெள்ளையாகிறது.

காலிக் கை மிச்சம் இருக்கிறதா என்று அதற்கான கருவியில் வைத்துத் தேடினார்கள். கருவியின் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அடுத்து பிராக்டனின் இயந்திரம். அந்தக் கட்டையில் கடைந்த கிண்ணம். மூட்டுத் திரவத்துக்குப் பதில் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். நடக்கும் மனிதனின் பாரம். சிக்குக் கோலம் போடும் பந்து. ஓட்டினார்கள். ஒரு லட்சம் சுற்று. பத்து லட்சம். ஐம்பது லட்சம். பழைய கிண்ணங்கள் இதற்குள் கணிசமாகத் தேய்ந்து பளபளத்திருக்கும்.

நிறுத்தவில்லை. கோடியைத் தொட்டது. பத்து ஆண்டு நடை!

கிண்ணத்தைக் கழற்றினார்கள். உள்பக்கத்தைப் பார்த்தார்கள். என்ன தெரிந்தது, தெரியுமா?

கடைசல் இயந்திரத்தின் கத்தி விட்டுப்போன மெல்லிய வளையக் கோடுகள். தயாரித்த அன்று விழுந்த கோடுகள். கோடி அடி நடந்த பிறகும் அப்படியே இருந்தன.

1990-களின் கடைசியில் அந்தக் கிண்ணம் மனித இடுப்புக்குள் போனது. பத்து ஆண்டு கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்கள். தண்டைச் சுற்றி இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இருந்தது. இருட்டு இல்லை. ஒரு தலைமுறை மருத்துவர்களைத் தூங்கவிடாத நோய் அரிதாகிப்போனது. சார்ன்லி இதைப் பார்க்கவில்லை. 1982-இலேயே போய்விட்டார். அவருடைய அதே பிளாஸ்டிக்தான். சில நொடி எலெக்ட்ரான் மழையும் ஓர் அடுப்பும்தான் வித்தியாசம். அவர் இருந்திருந்தால் அந்தக் கோடுகளின் மேல் தன் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கேயே முடித்திருந்தால் இது சுபமான கதை.

ஆனால் சில கிண்ணங்கள் இடுப்பிலிருந்து திரும்பி வந்தன. தேய்ந்து அல்ல. உட்பரப்பு நன்றாகவே இருந்தது. ஓரத்தில், பிளாஸ்டிக் மிக மெல்லியதாக இருந்த விளிம்பில், ஒரு கீறல்.

அடுப்பில் உருகிய படிகங்கள் முழுதாகத் திரும்பி வரவில்லை. முடிச்சுகள் குறுக்கே நின்றதால் சங்கிலிகளால் பழைய வரிசைக்குத் திரும்ப முடியவில்லை. படிகம் குறைந்தால் உறுதியும் குறையும். காலிக் கைகளைத் தீர்த்துக்கட்டக் கொடுத்த விலை அது. உருக்காமல் விட்டால் கிண்ணம் ஆண்டுகள் போகப் போக நொறுங்கும். உருக்கினால் விளிம்பு வெடிக்கும்.

முராட்டோக்லுவின் முன்னால் இப்போது ஒரே கேள்வி. உருக்காமலே அந்தக் கைகளை நிரப்ப முடியுமா?

விடை எந்த அணு உலையிலும் இல்லை. மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று ஓர் எண்ணெய். உங்கள் வீட்டு மருந்து டப்பாவில், ஒரு சின்ன மாத்திரைக்குள், இப்போதுகூட அது இருக்கலாம். எழுந்து போய்த் தேடிப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: எண்ணெயில் ஊறிய கிண்ணம்)